ஆள் வரும் இடம்

மெட்ராஸ் ராஜதானியிலேயே நாற்காலிகளுக்கு வைத்தியம் பார்க்கக் கற்றுக்கொடுத்த ஒரே மனோதத்துவக்காரன் நான்தான்.

சிரிக்காதீர்கள். 1946, சாந்தோம், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு கூடம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வரவேண்டியவர்கள் வராமல் போன குடும்பங்களை அதில் உட்கார வைத்தேன். நான் வாயைத் திறப்பதில்லை. அவர்களே ஒருவருக்கொருவர் வைத்தியர்.

“நாலு பேர் சேர்ந்து அழுதா அதுக்குப் பேர் வைத்தியமா ஓய்? எழவு வீடு!” என்பார் பைத்தியக்கார ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்ரீனிவாசராகவன்.

வட்டத்துக்கு வரும் ஃப்ளோராவின் கணவன் வால்டர் அவளை ரங்கூனில் கப்பலேற்றிவிட்டு, அடுத்த கப்பலில் வருகிறேன் என்றவன். நான்கு வருஷமாக அவள் பேச்சு நின்றுபோயிருந்தது. இன்றும் பேசாவிட்டால் நாளை தன் ஆஸ்பத்திரியில் அடைத்துவிடுவதாக டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணால் பார்க்க அவரே வந்தும் விட்டார்.

ஃப்ளோரா உட்கார்ந்தாள். எப்போதும்போல் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையை விரித்தாள். பஸ்ஸில் இடம் பிடிப்போமே, அப்படி.

வட்டத்தில் யாரும் அந்த நாற்காலியைத் தொட்டதில்லை. டாக்டருக்கு அது தெரியாது. கைக்குட்டையை ஒதுக்கிவிட்டு உட்காரப் போனார்.

“உக்காராதீங்க டாக்டர். அவரு வந்துடுவாரு.”

குரல் துருப்பிடித்துக் கிடந்தது. வெளியே வங்காள விரிகுடா அலையடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது. வேண்டுமானால் கடலையே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வட்டத்தில் எதிரே இருந்த கரீமுல்லா எழுந்தார். மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து வந்து தன் பக்கத்தில் போட்டார். அதில் தன் துண்டை விரித்தார்.

“நம்ம தம்பியும் வருவான்மா. எடம் வேணும்ல?”

அவருக்கு அடுத்திருந்த ஜலஜா இன்னொரு நாற்காலி கொண்டுவந்தாள், பிறகு மற்றவர்களும். வட்டம் பெரிதாகிக்கொண்டே போய்ச் சுவரைத் தொட்டது.

டாக்டர் மட்டும் நடுவில் நின்றார். இப்போது ஏதாவது சொல்லிக் கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன்.

அவர் மெதுவாக அங்கவஸ்திரத்தைத் தோளிலிருந்து எடுத்தார்.

“எங்காத்துப் பிள்ளை சிங்கப்பூர்ல இருந்தான்” என்றார். “கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலி போடும் ஓய்.”

போட்டேன். அங்கவஸ்திரத்தை அதில் விரித்தார். சுருக்கம் நீவினார். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“ஃப்ளோரா பேசிட்டா. நானே கேட்டேன்.”