முழுகாமல்

கறுப்புத் துணி வந்த நாளிலிருந்து அவளுக்குக் கெட்ட நேரம்.

வெள்ளைச் சட்டை தைத்த வரை ஒருவர் கண்ணிலும் ஒன்றும் படவில்லை. இப்போது கறுப்புக் கோட்டில் காஜா எடுக்கக் குனிந்தால் போதும், முழங்கையிலிருந்தும் தலையோரத்திலிருந்தும் மாவு சலித்துவிட்ட மாதிரி வெள்ளைச் செதில் உதிர்ந்து கிடக்கிறது. ஊதிவிட்டால் பக்கத்து மெஷினுக்குப் போகிறது.

பக்கத்து மெஷின்காரிக்கு ரேடியோ என்று பெயர். அவள் வாயை மூடியிருந்தால் உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம்.

முழுக்கைச் சட்டை போட்டுப் பார்த்தாள். தலையில் எண்ணெயை ஊற்றி இறுக்கித் துணி கட்டிப் பார்த்தாள். உதிர்கிறது உதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

இன்று சூப்பர்வைசர் அக்கா ஒரு கோட்டைத் தூக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்தார். உதறாமல் அப்படியே மேஜைமேல் விரித்தார்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"மாத்திரை போட்டப்போ கை கண்ணாடி மாதிரி இருந்துச்சே. ஏன் நிறுத்தின?"

அவள் சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

அக்கா கெட்டவர் இல்லை. இதுக்குச் சோரியாசிஸ்னு பேரு, ஒட்டாது, பயப்படாதீங்க என்று ஹாலில் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னவரே அவர்தான். ஆனால் கோட்டு வாங்குகிறவனுக்கு யார் எடுத்துச் சொல்வது? மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டான். இனி ஒரு மூட்டை திரும்பினால் அக்காவின் தலைதான் உருளும்.

"பையிலதான இருக்கு? என் கண்ணு முன்னால போடு. இல்லன்னா நாளையிலருந்து வராத."

பையில்தான் இருந்தது. அரிப்பு தாங்காமல் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றபோதும் அவள் அந்த அட்டையைப் பிரிக்கவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

அக்காவே பையைத் திறந்து, மாத்திரையைப் பிதுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். தண்ணீர் பாட்டிலையும் மூடி திறந்து நீட்டினார்.

மஞ்சள் மாத்திரை. மிளகுகூட அதைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும்.

இந்த ஸ்டூல் போனால் வேறு ஸ்டூல் கிடையாது. இந்தக் கையைப் பார்த்துவிட்டு எவர் புதிதாகத் துணியைக் கொடுப்பார்கள்?

கை வாய்வரை போயிற்று.

ரேடியோவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "மாத்திரை கிடக்கட்டும்க்கா. மொதல்ல இவ குளிக்கிறாளா இல்லையான்னு கேளுங்க."

நாலு பேர் சிரித்தார்கள்.

அவள் கையை இறக்கினாள். நிமிர்ந்து ரேடியோவைப் பார்த்தாள்.

"இல்ல. முழுகாமத்தான் இருக்கேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் பெண்கள். அந்த வார்த்தைக்கு யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

அவள் உள்ளங்கையில் நெருப்பு விழுந்துவிட்ட மாதிரி, அக்கா அந்த மாத்திரையைத் தட்டிவிட்டார். அது மெஷின்களுக்கு அடியில் எங்கோ உருண்டு போயிற்று.

"வாயத் தொறந்து சொன்னா என்னடி? என் கையாலயே குடுக்க வச்சிட்டியே." அக்கா விரித்த கோட்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். நாளையிலிருந்து வெள்ளைத் துணிப் பக்கம் போய் உட்காரச் சொன்னார். போகும்போது பாட்டிலை அவளிடமே விட்டுவிட்டுப் போனார்.

ரேடியோ எழுந்து வந்தாள். வந்தவள் இவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், தடித்துச் சிவந்து கிடந்த இடத்தின் மேலேயே. கறுப்புத் துணி வந்த பிறகு அந்தக் கையை இங்கே யாரும் தொட்டதில்லை.

"எங்கிட்டகூட சொல்லலையேடி, பாவி. எத்தன மாசம்?"

"இப்பத்தான்."

மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. அவளும் குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். இரண்டு தடவை தவறிற்று.

பிள்ளை வேண்டும் என்றுதான் மாத்திரையை நிறுத்தியிருந்தாள். அந்த மருந்து ரத்தத்தை விட்டு முழுசாக இறங்குகிறவரை பிள்ளை தங்கக் கூடாது, தங்கினால் அதற்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை பொறுத்துக்கொள், அப்புறம் கடவுள் விட்ட வழி என்றும் சொல்லியிருந்தார். அவர் சொன்ன கெடு இன்னும் முடியவில்லை.

வீட்டில் அவளும் அவள் வீட்டுக்காரரும் தனித்தனிப் பாயில்தான் படுக்கிறார்கள்.