கயிற்றின் அந்தப் பக்கம்

"மேடம், என்னை விட்டுட்டு எடுங்க."

ஜான்சி கேமராவைக் கீழே இறக்கினாள். மூன்றாவது தடவையாகச் சொல்கிறான் இந்தக் கார்த்திகேசன்.

கடலூர் மைதானத்தில் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அவன் மனைவி சந்திரலேகாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சிதம்பரத்தில் பேங்க் வேலை. போன மாதம் ஆயிரத்து ஐநூறு மீட்டரில் மாநிலத் தங்கம் வாங்கியவள். ஓடும்போது அவள் கையையும் கார்த்திகேசன் கையையும் ஒரு சாண் கயிறு இணைத்திருக்கும். கூடவே ஓடி, எங்கே வளைவு, எங்கே நேர் என்று அவன் சொல்லிக்கொண்டே வரவேண்டும்.

அடுத்த வாரம் சிதம்பரத்தில் ஜான்சியின் புகைப்படக் கண்காட்சி. அறுபது வயதில் கடல் நீச்சல் அடிக்கும் தேவனாம்பட்டினத்து ராசம்மாள், ஒற்றைக் காலோடு வாலிபால் ஆடும் தேவசகாயம் என்று, விளையாட்டு வீரர் என்றால் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராதவர்களின் படங்கள்.

"ரெண்டு பேரையும் சேத்து ஒண்ணு எடுங்க மேடம்" என்றாள் சந்திரலேகா. கணவன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பரவால்ல, மாமா ஷேவ் பண்ணித்தான் வந்திருக்காரு."

"நீ தனியா நில்லு லேகா. அதான் நல்லா இருக்கும்."

கயிற்றைக் கழற்றிக்கொண்டு விலகி நின்றான். அவள் சிரிப்பு அப்படியே அடங்கிப் போனது.

ஓடும்போது எடுத்த படங்களைக் காட்டினால், அதிலும் குறை. "இதுல என் தோளு தெரியுது. வெட்டிடுங்க மேடம்."

சந்திரலேகா குச்சியைத் தட்டிக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனாள். ஜான்சிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"ஏங்க, பொண்டாட்டி பக்கத்துல நிக்க வெக்கமா உங்களுக்கு?"

"ஐயய்யோ, என்ன மேடம்..."

"பின்ன? அவுங்க மொகம் எப்படி வாடிப்போச்சு பாத்தீங்களா? அவுங்களுக்குத் தெரியாதுங்கற தைரியமா?"

அவன் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

"நான் தலைப்பே யோசிச்சு வெச்சிட்டேன். 'அவள் ஓட, அவன் கண்ணானான்.' ஊரே உங்களைக் கையெடுத்துக் கும்பிடும்."

"அதுக்குத்தான் மேடம் வேணாங்கறேன்."

ஜான்சி விழித்தாள்.

"கல்யாணத்தன்னிக்கே ஆரம்பிச்சிட்டாங்க, ஒனக்குப் பெரிய மனசுப்பான்னு. தங்கம் வாங்குனது அவ. வர்றவங்க எல்லாம் எனக்குத்தான் கை குடுக்கறாங்க. ஒரு பேப்பர்ல எங்க ரெண்டு பேர் படத்தையும் போட்டு, 'கணவரின் தியாகத்துக்குக் கிடைத்த தங்கம்'னு எழுதிட்டாங்க. பேங்க்ல யாரோ அதை அவளுக்குப் படிச்சுக் காட்டிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி அவ சாப்புடவே இல்ல."

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அவ ஆசைப்பட்டாளே, வீட்டுக்குன்னு ஒண்ணு சேத்து எடுத்துக் குடுங்க. ஊரு பாக்கற படத்துல மட்டும் நான் வேணாம்."

"இருந்தாலும் நீங்க இல்லாம அவுங்க எப்படிங்க..."

கார்த்திகேசன் குரலைத் தாழ்த்தினான்.

"தங்கம் வாங்குன அன்னிக்குக் கடைசி ரவுண்டுல எனக்கு மூச்சு முட்டிப்போச்சு மேடம். 'லேகா, என்னால முடியல'ன்னுட்டேன். 'இன்னும் கொஞ்ச தூரந்தான், வா மாமா'ன்னு என்னை இழுத்துக்கிட்டு ஓடுனது அவதான்!"