பொறுமைக்கு ஒரு பொன்னாடை

கீழக்குயில்குடி பொங்கல் விழாவில் டியூஷன் மாஸ்டர் அழகுராஜாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

“புத்தி பேதலிச்ச பொண்டாட்டிய மாசாமாசம் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாரு. இம்புட்டுப் பொறுமை எவனுக்கு வரும்?” என்றார் விழாத் தலைவர்.

கூட்டம் கைதட்டியது. பெண்கள் வரிசையில் அவன் மனைவி தாமரைச்செல்வியின் இருபுறமும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

வீட்டுக்கு வந்ததும் அழகுராஜா பொன்னாடையைச் சுருட்டி எறிந்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

“இன்னிக்காச்சும் நான் உண்மையச் சொல்லியிருக்கணும், செல்வி.”

“சொன்னா உங்ககிட்ட யாரு புள்ளைகள அனுப்புவா? என்னையப் பைத்தியக்காரின்னு சொன்னா சொல்லிட்டுப் போறாக.”

அவள் பொன்னாடையை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு மாத்திரையையும் தண்ணீரையும் அவனிடம் நீட்டினாள்.

“காலை மாத்திரைய நீங்க இன்னும் போடல. டாக்டரு என்னையத்தான் வைவாரு.”