ஒரு லேப்டாப், இரண்டு பாகம்

பனியன் கம்பெனியின் கூரை இடுக்கில் இறங்கும் வெயில் சண்முகப்பிரியாவின் லேப்டாப் மேல் காசு காசாக விழுகிறது. அப்பாவின் டிசைன்கள் இருக்கும் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, தன் படிப்புக்காக லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் ஏற்றிவிட்டு, அணைத்து மறுபடி போடுகிறாள். திரை கறுக்கிறது. "பார்ட்டிஷன் பண்ணியாச்சுங்கப்பா" என்று லேப்டாப்பின் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்ததை அவள் சொன்னதிலிருந்து அப்பா சாமியப்பனுக்கு முகமே சரியில்லை. தம்பியோடு இதே கம்பெனியைப் பாகம் பிரித்தபோது நடுவில் அடித்த சிமென்ட் ஷீட் தடுப்பு அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. அதைத் தாண்டித் தம்பியின் மெஷின் சத்தம் வருகிறது. பேச்சு மட்டும் வருவதில்லை. "பாகம் பிரிச்சா ஏதாச்சும் ஒண்ணு போயிருமே, கண்ணு." திரையில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுகின்றன. லினக்ஸைத் திறந்து காட்டுகிறாள். மறுபடி அணைத்து, விண்டோஸைத் திறக்கிறாள். டிசைன்கள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. "எதுவும் போகலீங்கப்பா." அவள் முதுகு தானாக நிமிர்கிறது. சாமியப்பன் விறுவிறுவென்று போய்த் தடுப்பை உள்ளங்கையால் தட்டுகிறார். "டேய் தம்பி, இங்க வந்து பார்றா! ஒண்ண ரெண்டாப் பிரிச்சிருக்கறா, துளி சேதாரமில்ல. நம்ம புள்ளடா!" அந்தப் பக்கம் மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன.