திட்டினால் கட்

"ஜனங்களுக்கு வாயில மரியாதையே கிடையாது மேடம்!"

மானேஜர் மேஜையைத் தட்டிச் சொன்னார். எதிரே முதலாளியம்மா. வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்ற கம்பெனி. புகார் போன் எடுக்கிற பொண்ணுங்க ஒருத்தி பின்னாடி ஒருத்தியா வேலையை விட்டுப் போய்க்கிட்டு இருந்தாங்க. இன்னும் ரெண்டு பேர் போனா, போன் எடுக்க ஆளே இல்லை.

"பாத்ரூம்ல போய் அழறாங்களாமே, ஏன்?"

"கஸ்டமர் திட்டறான், அழறாங்க. நீங்க கவலையை விடுங்க. இனிமே போன் வந்தா முதல்ல கம்ப்யூட்டர் மெஷின் பேசும். ஒழுங்காப் பேசறவங்களை மட்டும் பொண்ணுங்களுக்குக் கொடுக்கும். திட்டினா, அதுவே கட் பண்ணிடும்."

சொல்லிட்டு நேரா ஜாவா சீட்டுக்கு வந்தார். ஜாவால புரோக்ராம் எழுதறதால அவனுக்கு ஆபீஸ்ல அதுதான் பேரு.

"திட்டினா கட் ஆகணும். முடியுமா?"

"சார், ஆள் பேசாம இருந்தா என்ன பண்றது, பேசினது புரியலைன்னா என்ன பண்றது, இதுக்கெல்லாம் ரெடிமேடா ஹேண்ட்லர்னு குட்டி புரோக்ராம் இருக்கு. திட்டுக்கு இல்லை. நாமளே ஜாவால எழுதணும்."

"எழுதேன். கையில என்ன சுளுக்கா?"

"எழுதிடலாம் சார். எந்தெந்த வார்த்தைக்குக் கட் பண்ணணும்னு அதுக்குச் சொல்லிக் கொடுக்கணுமே?"

"அதையும் நானே வந்து ஊட்டி விடணுமா மரமண்டை? நான் மரியாதைப்பட்ட குடும்பத்துல பொறந்தவன்டா. எனக்கு எங்கே தெரியும் அந்த வார்த்தையெல்லாம்? போய் விசாரி. வெள்ளிக்கிழமை மேடத்துக்குக் காட்டணும். சொதப்பினே, அன்னிக்கே நீ வீட்டுக்குக் கிளம்பு."

வெள்ளிக்கிழமை வந்தது. மேஜை நடுவுல ஸ்பீக்கர் போன். சுவரோரமா மிச்சமிருந்த பொண்ணுங்க.

"எங்கே, யாராவது திட்டுங்க பார்ப்போம்" என்றாங்க முதலாளியம்மா.

அவங்க முன்னாடி யார் வாயைத் திறப்பா? மானேஜரே டையைச் சரி பண்ணிக்கிட்டு போன் பக்கம் குனிஞ்சார்.

"நீங்க... கொஞ்சம் மோசமானவங்க."

"உங்கள் புகாரைச் சொல்லுங்கள்" என்றது மெஷின், தேன் மாதிரி.

"உங்க சர்வீஸ் சுத்த மோசம்!"

"வருந்துகிறோம். உங்கள் புகாரைச் சொல்லுங்கள்."

முதலாளியம்மா வாட்சைப் பார்த்தாங்க. மானேஜருக்குக் காது வரைக்கும் சூடேறிச்சு. ஜாவா பக்கம் திரும்பினார்.

"டேய் மரமண்டை! தண்டம்! இதுக்குத்தான் இத்தனை நாள் உட்கார்ந்து கீபோர்டைத் தேய்ச்சியா, எருமை—"

"மரியாதைக் குறைவான பேச்சு. அழைப்பு துண்டிக்கப்படுகிறது."

டொக்.

மானேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பார்த்தீங்களா மேடம்! வேணும்னேதான் டெஸ்ட் பண்ணிக் காட்டினேன்!"

சுவரோரம் யாரும் கைதட்டலை.

"பரவாயில்லையே, டக்குனு பிடிச்சிடுச்சு" என்றாங்க முதலாளியம்மா. "கஸ்டமர் திட்டினதையெல்லாம் கேட்டுத்தானே எழுதினேப்பா?"

"ரெக்கார்டு ஆன போன் கால் எல்லாத்தையும் கேட்டேன் மேடம். 'எப்பங்க வருவீங்க', 'துணியெல்லாம் ஊறிக்கிட்டே கிடக்குதுங்க', மிஞ்சிப் போனா 'இது அநியாயம்'. அதுக்கு மேல யாரும் போகலை. மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்க ஒண்ணுமே தேறலை."

"அப்புறம் இந்த வார்த்தையெல்லாம் எங்கேருந்து வந்தது?"

"பொண்ணுங்ககிட்ட போனேன். எதைக் கேட்டு அழுதீங்கன்னேன். சொன்னாங்க, அப்படியே போட்டுட்டேன்."

முதலாளியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. மானேஜர் ஸ்பீக்கர் போன் வயரைச் சுத்தி வைக்க ஆரம்பிச்சார்.

"திட்டினது யாருன்னு கேட்கலையா?"

"நான் கேட்கலை மேடம். அதான் இப்ப சாரே டெஸ்ட் பண்ணிக் காட்டிட்டாரே."