டெரிக்கின் மரபணு

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் ஊரில், எங்கள் தெருவில் டெரிக்கின் இதயத்தைப் பற்றித் தெரியாதவர் கிடையாது. தாளம் தப்பித் துடித்த அதை மருத்துவமனையில் ரத்தக்குழாய் வழியே கம்பி விட்டு, உள்ளே சூடு வைத்துச் சரிசெய்து அனுப்பினார்கள். ஆறே மாதத்தில் பழையபடி தப்ப ஆரம்பித்தது. எல்லாம் பீரால் வந்த வினை என்று, வீட்டில் இருந்த பீர் முழுவதையும் அவன் மனைவி நோலீன் சாக்கடையில் கொட்டினாள்.

சனிக்கிழமை, கொல்லைப்புறத்தில் இறைச்சி சுட்டுச் சாப்பிட அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டிருந்தான் டெரிக். எல்லோரும் வந்ததும் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினான்.

"எச்சில் பரிசோதனை முடிவு வந்தாச்சு! மரபணுலயே கோளாறாம். எத்தனை தடவை சரிசெஞ்சாலும் திரும்பத் திரும்ப வருமாம். பாவம், பீர் மேல அநியாயமா பழி போட்டோமே!"

"உங்கப்பா தொண்ணூறு வயசுலயும் கல்லு மாதிரி இருந்தாரேப்பா?" என்றார் பக்கத்து வீட்டு லெஸ்லி.

"இது அம்மா வழி" என்றபடி டெரிக் ஒரு பீரைத் திறந்தான்.

சாலட் பாத்திரத்தோடு வந்த நோலீன் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"டெரிக், அந்தப் பரிசோதனைக் குழாய்ல துப்பினது யாரு?"

"உஷ்! மானத்தை வாங்காத."

"உன் எச்சில்ல பீர் இருக்குறது தெரிஞ்சிடும்னு என்னைத்தானே துப்பச் சொன்ன?"

"அதுக்கென்ன இப்போ? நல்ல முடிவுதானே வந்திருக்கு!"

"யாருக்குய்யா நல்ல முடிவு? அந்தக் கோளாறு இதயம் என்னுது!"