கழுத்தளவு

இந்தக் காலத்தில் எல்லாரும் உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் அடுத்த இடத்துக்குத் தாவிவிடுகிறார்கள் என்று மனசுக்குள் கறுவியபடி, கிழட்டுத் தையல்காரர் தன்னை வீட்டு மாடிக்கு வரவழைத்த வேட்பாளரின் கழுத்தில் அளவு நாடாவைச் சுற்றுகிறார். வக்கீலாக இருந்தபோது கறுப்புக் கோட்டு, நீதிபதியானதும் அங்கி, இப்போது ஓட்டுக் கேட்க வெள்ளைச் சட்டை. மூன்றுக்கும் அளவெடுப்பது இந்தக் கைதான். ஜன்னல் வெயில் நாடாவின் எண்கள்மேல் விழுகிறது. தெருவில் ஒலிபெருக்கி கரகரக்கிறது. "கழுத்து கொஞ்சம் லூசா இருக்கட்டும்ணே." நேற்றுவரை 'டெய்லர்' என்று கூப்பிட்ட வாய். தையல்காரரின் விரல்கள் நின்றுவிடுகின்றன. "என் கடையைக் காலி பண்ணச் சொல்ற கேஸை ரெண்டு வருஷம் கேட்டீங்க. தீர்ப்புத் தேதி அப்புறம் சொல்றேன்னு எழுந்தீங்க, அதோட பதவியையும் விட்டுட்டீங்க. புதுசா வந்தவர் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்கறார். நீங்க என்னதான் எழுதறதா இருந்தீங்க?" வேட்பாளர் நாடாவுக்குள் விரலை விட்டுத் தளர்த்திக்கொள்கிறார். "நான் ஜெயிச்சா உங்க தெருவுக்கே ஒரு சட்டம் கொண்டு வரேண்ணே." "ஒரு கடைக்கே வாய் திறக்கல, தெருவுக்கா?" நாடாவை உருவிச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். அளவைக் குறித்துக்கொள்ளவில்லை. "சட்டை என்னிக்குண்ணே கிடைக்கும்?" "தேதி அப்புறம் சொல்றேன்." தையல்காரர் திரும்பிப் பார்க்காமல் படியிறங்குகிறார்.